அரைக்கும் மின்னோடி: பழைய மிக்சிகளின் அறிவியல்

நம் சமையலறை ஒரு மின்னோடியிடம் கேட்கும் வேலை மிகக் கடுமையானது. காய்ந்த மிளகாயும் மல்லியும் பொடியாக வேண்டும். விரலி மஞ்சள் உடைய வேண்டும். தேங்காய்த் துருவல் ஒரு கரண்டி நீரிலேயே விழுதாக வேண்டும். ஊறிய அரிசியும் உளுந்தும் மாவாக வேண்டும். இவை அனைத்தையும் ஒரே கருவி, ஒரே காலைப் பொழுதில், அடுத்தடுத்து முடித்துக் கொடுக்க வேண்டும். இந்த வேலைக்கென்றே இந்தியாவில் உருவான கருவி மிக்சி. அதன் முதல் தலைமுறைக் கருவிகள் இன்று பரண்களிலும் காயலான் கடைகளிலும் தூசு படிந்து கிடக்கின்றன. அவற்றைத் தேடி எடுத்துப் பழுது நீக்கி மீண்டும் அரைக்க வைப்போரைப் பழமை விரும்பிகள் என்று ஒதுக்கிவிடலாகாது. நம் உணவின் இயல்பை அளந்து அதற்கேற்ப ஒரு பொறியைச் சமைத்த நல்ல சிந்தனையை அவர்கள் உயிரோடு வைத்திருக்கிறார்கள்.

இப்பணிக்கு எங்கள் பாரிவாக்கம் பொருத்தமான ஊர். தெற்கே பூந்தமல்லி, வடக்கே ஆவடி, வடகிழக்கே அம்பத்தூர் என மூன்று ஊர்களுக்கும் அண்மையில் இது அமைந்திருக்கிறது. 1960களில் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தபின், கடைசல், பொருத்துதல், சுருள் கட்டுதல் ஆகிய கைத்திறன்கள் இந்த வட்டாரத்துத் தெருக்களில் வேரூன்றின. மிக்சியின் அடித்தட்டைக் கழற்றி உள்ளே பார்க்க அஞ்சாத மனிதர் இங்கே அக்கம்பக்கத்திலேயே கிடைப்பார். பழைய கருவிகள் கிடைக்கும் இடங்களும் எட்டாத் தொலைவில் இல்லை. பழைய இரும்புக் கடைகள் சாலைதோறும் உள்ளன. பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தையில் பழம்பொருள்கள் குவிகின்றன. ஆயினும் மிகச் சிறந்த கருவிகள் உறவினர் வீட்டுப் பரணிலிருந்துதான் வருகின்றன. திருமணச் சீராக வந்த மிக்சியை, ஓடாவிட்டாலும், தூக்கி எறிய மனம் வராமல் வைத்திருக்கும் வீடுகள் இன்றும் உண்டு.

மின்சாரத்தால் கலக்கும் கருவிக்கு அமெரிக்காவில் ரூஃபஸ் ஈஸ்ட்மன் 1885இல் காப்புரிமை பெற்றார். 1919இல் கிச்சன்எய்டு, 1937இல் வேரிங் என அங்கு அடுத்தடுத்துக் கருவிகள் வந்தன. 1957இல் ஜெர்மனியின் பிரவுன் நிறுவனம் வெளியிட்ட கே.எம். 3, வடிவமைப்பின் அழகுக்காக இன்றளவும் போற்றப்படுகிறது. இவை நல்ல கருவிகள். ஆனால் இவை பிசைந்த மாவுக்கும் பாலேட்டுக்கும் பழச்சாற்றுக்கும் பிறந்தவை. உலர்ந்த மஞ்சளின் கடினத்தை இவற்றை வடிவமைத்தவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டிய தேவை எழவே இல்லை.

அத்தேவை எழுந்த இடம் பம்பாயில் ஒரு வீடு. சீமென்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர் சத்திய பிரகாஷ் மாத்தூர். அவருடைய துணைவியார் மாதுரி மாத்தூர் பயன்படுத்திய பிரவுன் மிக்சி இந்திய மசாலாவை அரைத்துத் தாங்க மாட்டாமல் மின்னோடி கருகி நின்றது. அதைச் சரிசெய்யும் வழிதேடியபோது, பழுது அந்த ஒரு கருவியில் மட்டும் இல்லை, கருவிக்கும் உணவுக்கும் இடையிலான பொருத்தத்திலேயே இருக்கிறது என்பது தெளிவாயிற்று. மாத்தூர் 1963இல் பவர் கண்ட்ரோல் அண்ட் அப்ளையன்சஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அரைக் கிலோவாட்டை ஒட்டிய ஆற்றல் கொண்ட மின்னோடியுடன் சுமீத் மிக்சி 1970இல் சந்தைக்கு வந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் நடுத்தரக் குடும்பங்களில் மிக்சி என்றாலே சுமீத் என்னும் நிலை உண்டாயிற்று. அந்தப் பெயர் யாருக்கு உரியது என்ற வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தைக் கடந்து உச்ச நீதிமன்றம் சென்று, 1994இல் தீர்ப்புப் பெற்றது. ஒரு சமையற்கருவியின் பெயருக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது.

சென்னையில் 1978இல் பிரீத்தி பிறந்தது. தமிழ்நாட்டுச் சமையலறையை அருகிலிருந்து பார்த்து வளர்ந்த கருவி அது. 2011இல் பிலிப்ஸ் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில், விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் அரசுத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. ஒரு காலத்தில் சீர்வரிசையின் பெருமையாக விளங்கிய பொருள் அன்றுமுதல் குடும்ப அட்டைக்கு உரிய பொருளாயிற்று. அம்மியின் முன் குனிந்திருந்த எத்தனையோ பெண்களின் முதுகுக்கு அது ஓய்வு தந்தது என்பதை மறக்கலாகாது.

இனிக் கருவியின் உள்ளே செல்வோம். மிக்சியில் இருப்பது தொடர்சுற்று மின்னோடி. நிலையாக நிற்கும் சுருளும் சுழலும் சுருளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைக்கப்பட்டிருப்பதால் இப்பெயர். பட்டறையில் முன்னதை ஃபீல்டு காயில் என்றும் பின்னதை ஆர்மேச்சர் என்றும் சொல்வார்கள். ஒரே மின்னோட்டம் இரண்டின் வழியாகவும் பாய்கிறது. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆதலால் அது நொடிக்கு 100 முறை திசை மாறுகிறது. மின்னோட்டம் திசை மாறும்போது நிலைச்சுருளின் காந்தப்புலமும் திசை மாறுகிறது. அதே கணத்தில் சுழலும் சுருளைத் தாங்கிய சுழலகத்தின் மின்னோட்டமும் மாறுகிறது. இரண்டு எதிர்க்குறிகளைப் பெருக்கினால் நேர்க்குறி வருவது கணக்கின் விதி. ஆகவே சுழற்றும் விசையின் திசை மாறுவதே இல்லை. இதனால் இந்த மின்னோடி மாறுதிசை, நேர்திசை என்னும் இருவகை மின்னோட்டத்திலும் ஓடும்.

இந்தத் தொடர் இணைப்பில்தான் நம் சமையலுக்கு உகந்த பெருங்குணம் அடங்கியுள்ளது. சுழலகம் விரைந்து சுழலும்போது அதன் சுருளில் எதிர் மின்னியக்கு விசை தோன்றி, உள்ளே வரும் மின்னோட்டத்தைத் தடுத்து நிற்கும். ஜாரில் மஞ்சள் துண்டு ஒன்று பிளேடில் இடித்தவுடன் சுழற்சி குறைகிறது. சுழற்சி குறைந்தால் எதிர்விசை குறைகிறது. எதிர்விசை குறைந்தால் மின்னோட்டம் பெருகுகிறது. அந்த மின்னோட்டம் நிலைச்சுருளின் காந்தப்புலத்தையும் உடன் வலுப்படுத்துவதால், முறுக்குவிசை ஏறக்குறைய மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. மின்னோட்டம் இரண்டு பங்கானால் முறுக்குவிசை நான்கு பங்கை நெருங்கும். தடை கூடக்கூட மின்னோடி தானே முனைந்து நிற்கிறது. இதற்கெனக் கட்டுப்படுத்தும் மின்னணுச் சில்லு எதுவும் வேண்டியதில்லை. இரண்டு சுருள்களைத் தொடரில் இணைத்ததாலேயே கிடைத்த அறிவு அது. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை.

மாவு அரைக்கும் கிரைண்டரில் இருப்பது வேறு இனம். அது தூண்டல் மின்னோடி. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அந்த வகை நிமிடத்திற்கு 3000 சுற்றுகளைத் தாண்ட இயலாது. மெல்லச் சுழலும் கல்லுக்கு அது போதும். வெட்டி அரைக்கும் பிளேடுக்குப் போதாது. மிக்சியின் மின்னோடியோ சுமையின்றி ஓடும்போது நிமிடத்திற்கு 18,000 சுற்றுகளை எட்டக்கூடியது. அந்த வேகத்தில், நடுவிலிருந்து 3 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் பிளேடு முனை நொடிக்கு 56 மீட்டர், அதாவது மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. வெளிநாட்டில் குடியேறும் தமிழர் இவ்விரண்டின் வேறுபாட்டை நேரில் உணர்வர். அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் மிக்சிக்குப் பொருட்டே இல்லை. அதற்குத் தடையாவது 120 வோல்ட் என்னும் குறைந்த மின்னழுத்தம் மட்டுமே. கிரைண்டருக்கு இரண்டுமே தடை.

ஆற்றலுக்கு விலை உண்டு. மின்னோட்டம் இரண்டு பங்கானால் சுருளில் பிறக்கும் வெப்பம் நான்கு பங்காகும். அந்த வெப்பத்தை வெளியேற்ற வேண்டிய விசிறியோ அதே தண்டில்தான் பொருத்தப்பட்டுள்ளது. சுமையால் சுழற்சி தளரும்போது விசிறியும் தளர்கிறது. வெப்பம் மிகுதியாகும் அதே நேரத்தில் குளிர்ச்சி குறைந்துபோகிறது. மிக்சி கருகுவதன் முதன்மையான காரணம் இதுவே. சில நிமிடங்கள் ஓட்டியபின் ஓய்வு தர வேண்டும் என்று கையேட்டில் அச்சிட்டிருப்பதும், அடியில் ஒரு சிவப்புப் பொத்தான் வைத்திருப்பதும் இதனால்தான். மிகைச்சுமை வந்தால் அந்தப் பொத்தானுக்குள் இருக்கும் அமைப்பு மின்னிணைப்பைத் துண்டிக்கும். நெடுநாள் சமைத்தவர்கள் ஒலியைக் கேட்டே கையை எடுத்துவிடுவார்கள். ஒலியின் சுருதி இறங்குவது சுழற்சி இறங்குவதன் அளவீடு. அவர்கள் செவியால் இயற்பியல் அளக்கிறார்கள்.

ஜாரைக் குறித்தும் சொல்ல வேண்டும், ஏனெனில் அரைத்தல் நிகழ்வது அங்கேதான். நீர்த்த பொருளைச் சுழற்றுவது எளிது: நடுவில் சுழல் உண்டாகி, மேலிருப்பது கீழிறங்கிப் பிளேடில் படும். கெட்டியான விழுதில் அந்தச் சுழல் உண்டாவதில்லை. பிளேடைச் சுற்றி வெற்றிடம் ஒன்று தோன்ற, விழுது சுவரோடு ஒட்டி நின்றுவிடுகிறது. மின்னோடி காற்றை மட்டும் வெட்டிக்கொண்டிருக்கிறது. நல்ல ஜாரின் உட்சுவரில் நெடுக்கு வரம்புகள் இருப்பது இதைத் தடுக்கத்தான். அவை சுழலும் விழுதை மறித்து மீண்டும் நடுவே தள்ளுகின்றன. சட்னிக்கெனச் சிறிய ஜார் தனியே இருப்பதன் காரணமும் இதுவே: சிறிதளவு பொருளைப் பிளேடின் அருகிலேயே நிறுத்தி வைக்கக் குறுகிய சுவர் வேண்டும். பழைய ஜார்களின் எவர்சில்வர்த் தகடு தடிமனாக இருப்பதைக் கையில் எடுத்தவுடன் உணரலாம். அந்தத் தடிமன் அதிர்வைத் தணிக்கிறது. பிற்காலத்தில் தகட்டை மெல்லியதாக்கியது சிக்கனமே அன்றி முன்னேற்றம் அன்று.

பழைய கருவி கைக்கு வந்தவுடன் அதை நேரே மின்சாரத்தில் செருகக் கூடாது. முதலில் வெளிக்கம்பியைப் பாருங்கள். பல ஆண்டுகள் பரண் வெப்பத்தில் கிடந்த கம்பியின் உறை இறுகி வெடித்திருக்கும்; அதைத் தயங்காமல் மாற்றிவிட வேண்டும். மூன்று முனைச் செருகியும் நிலத்தொடர்பும் கட்டாயம். பின்னர் 500 வோல்ட் மெக்கரைக் கொண்டு சுருளுக்கும் உடலுக்கும் இடையிலான மின்காப்பை அளக்க வேண்டும். 2 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் சுருளில் ஈரம் ஏறியிருக்கிறது அல்லது காப்புப்பூச்சு சிதைந்திருக்கிறது என்று பொருள். ஈரமெனில் வெயிலும் மிதமான சூடும் தீர்த்துவிடும். அதன்பின்னும் மின்னோடியை 100 வாட் குண்டு விளக்கு ஒன்றோடு தொடரில் இணைத்துத்தான் முதன்முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே குறுக்குச்சுற்று இருந்தால் விளக்கு முழு ஒளியுடன் எரியும், மின்னோடி தப்பும். இது நம் பட்டறைகளின் பழைய உத்தி. இன்றும் இதைவிட மலிவான பாதுகாப்பு இல்லை.

பரணிலிருந்து இறங்கும் கருவிகளில் பெரும்பாலானவை உண்மையில் செத்தவை அல்ல. சுழலகத்தின் ஒரு முனையில் செப்புத் துண்டுகளால் ஆன வளையம் இருக்கிறது, அதுவே திசைமாற்றி. அதன்மேல் இரண்டு கரித்துண்டுகள் வில்லால் அழுத்தப்பட்டு உராய்ந்துகொண்டே மின்னோட்டத்தை உள்ளே அனுப்புகின்றன. கடைக்காரர் கார்பன் பிரஷ் என்பது இவற்றைத்தான். கரி தேய்வதற்கென்றே வைக்கப்பட்டது. அது தேயாவிட்டால் செம்பு தேயும். தேய்ந்து குட்டையானதும் வில்லின் அழுத்தம் குறைந்து, தொடர்பு விட்டு விட்டு வந்து, மிக்சி நின்றுவிடுகிறது. மின்னோடி எரிந்துவிட்டது என்று எண்ணி வீட்டார் அதை ஒதுக்கிவிடுகிறார்கள். சிறிய விலையில் கிடைக்கும் ஒரு சோடிக் கரி அதை மீண்டும் எழுப்பிவிடும். புதுக்கரி போடும்முன் திசைமாற்றியின் கறுப்பை மிக மெல்லிய கண்ணாடித் தாளால் துடைத்து, செப்புத் துண்டுகளுக்கு இடையிலுள்ள அபிரகப் பிளவுகளில் அடைந்த கரித்தூளைக் கூர்ங்குச்சியால் நீக்க வேண்டும். உப்புத்தாளின் முரட்டு வகை செம்பைக் கீறிவிடும். கீறல் தீப்பொறியை வளர்க்கும்.

அடுத்து வருவது கப்ளர். மின்னோடியின் தண்டையும் ஜாரின் தண்டையும் இணைக்கும் இந்த ரப்பர் அல்லது நைலான் துண்டு மற்ற உறுப்புகளைவிட வலுக்குறைந்ததாகவே செய்யப்பட்டுள்ளது. ஜார் இறுகி நின்றால் முதலில் உடைய வேண்டியது அது. அது உடைந்து மின்னோடியைக் காக்கிறது. எனவே கப்ளரைக் குறை சொல்லி இரும்பில் செய்து மாட்டுவது பெருந்தவறு. அதன் திருகு, மின்னோடி சுழலச் சுழல இறுகும்படி வெட்டப்பட்டிருக்கும். ஆதலால் தண்டு சுழலும் திசையிலேயே திருப்பினால்தான் கழலும். இதை அறியாமல் எதிர்த்திசையில் முறுக்கித் தண்டை வளைத்தவர்கள் பலர். ஜாரின் அடியில் உள்ள புஷ்ஷும் வாஷரும் தேய்ந்தால் நீர் கசிந்து நேரே மின்னோடியில் இறங்கும். அந்தக் கசிவைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரு வாஷருக்காக ஒரு மின்னோடியை இழக்க நேரும்.

சுருளே கருகியிருந்தால்தான் வேலை பெரியது. கருகிய சுருளை அறுத்து, சுற்றுகளை எண்ணி, கம்பியின் பருமனை அளந்து, அதே அளவு எனாமல் செப்புக்கம்பியை அதே இறுக்கத்தில் கட்டி, வார்னிஷில் முக்கிச் சூட்டில் உலர்த்த வேண்டும். நிமிடத்திற்குப் பல்லாயிரம் சுற்றுகளில் ஒரு தளர்ந்த கம்பி மையவிலக்கு விசையால் வெளியே இழுக்கப்பட்டு அனைத்தையும் அறுத்துவிடும். எடை ஒரு பக்கம் சிறிது கூடினாலும் கருவி அதிரும். காயில் கட்டும் தொழிலாளியின் கைகளில் இருக்கும் இந்தத் துல்லியத்தை எந்தப் பாடநூலும் முழுமையாகப் பதிவு செய்யவில்லை. இளைஞர் இத்தொழிலுக்கு வருவது குறைந்துவருகிறது. இது எனக்கு உண்மையான கவலை.

மீட்ட கருவியைப் பயன்படுத்துவதிலும் அறிவு வேண்டும். 500 வாட் எடுக்கும் பழைய மின்னோடி அதில் பாதியைச் சுழற்சியாக மாற்றுகிறது என்று கொள்வோம். அந்த 250 வாட்டும் உராய்வால் இறுதியில் மாவில் வெப்பமாகவே சேரும். 4 நிமிடத்தில் சேர்வது 60 கிலோ ஜூல். ஒரு கிலோ இட்லி மாவை அது ஏறக்குறைய 17 பாகை சூடாக்கிவிடும். சித்திரை மாதத்து 33 பாகை வெப்பத்தில் தொடங்கினால் மாவு 50 பாகையைத் தொடும். மாவைப் புளிக்கவைத்து உப்பச்செய்யும் லூகோனோஸ்டாக் போன்ற நுண்ணுயிர்கள் அந்தச் சூட்டில் நலிந்துவிடும். மிக்சி மாவு இட்லி கல்லாகிறது என்னும் குறையின் வேர் இங்கே இருக்கிறது. குளிர்ந்த நீர் சேர்த்து, இடையிடையே நிறுத்தி அரைத்தால் குறை பெரிதும் நீங்கும். ஆயினும் என் முடிவு தெளிவானது: பழைய மிக்சியைச் சட்னிக்கும் மசாலாவுக்கும் பொடிக்கும் வைத்துக்கொள்ளுங்கள், மாவைக் கல்லிடம் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு பொறியையும் அதற்கு உரிய வேலையில் நிறுத்துவதே அதற்குச் செய்யும் மரியாதை.

எல்லாப் பழைய கருவிகளையும் ஓட்டத்தான் வேண்டும் என்பதும் இல்லை. வெளிக்கூடு வெடித்து, உள்ளிருக்கும் மின்னுறுப்பில் விரல் படக்கூடிய நிலையில் உள்ளதை ஓட்டலாகாது. பிளேடின் பற்றவைப்பு ஆட்டம் கண்ட ஜாரையும் அவ்வாறே ஒதுக்க வேண்டும். அத்தகையவற்றை உறுப்புகளுக்காக வைத்துக்கொள்ளலாம். அல்லது உள்ளமைப்பு தெரியும்படி வெட்டி, பள்ளி ஆய்வகத்திற்குக் கொடுக்கலாம். காந்தப்புலம், எதிர் மின்னியக்கு விசை, வெப்ப விளைவு ஆகிய மூன்றையும் ஒரே பொருளில் காட்டக்கூடிய கருவி மாணவர்க்கு வேறெங்கே எளிதில் கிடைக்கும்? கோட்டூர்புரத்தில் உள்ள பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையம் போன்ற இடங்களில் 1970களின் மிக்சி ஒன்று இவ்வாறு திறந்த நிலையில் நிற்குமானால் நான் மகிழ்வேன்.

நடுவண் அரசின் நுகர்வோர் நலத்துறை 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கான இணையத்தளத்தைத் தொடங்கியது. வீட்டு உபயோகப் பொருள்களும் அதன் வட்டத்திற்குள் வருகின்றன. நல்ல தொடக்கம்தான். ஆனால் உற்பத்தி நின்றுபோன கருவிகளுக்கு எந்த நிறுவனத்தின் கையேடும் துணை வராது. அவற்றின் கையேடு பட்டறைக்காரரின் நினைவில் மட்டுமே இருக்கிறது. எனவே உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டு மிக்சிக்கு எப்போதாவது காயில் கட்டக் கொடுத்தால், நிலைச்சுருளில் எத்தனை சுற்று, சுழலகத்தில் எத்தனை சுற்று, கம்பி என்ன பருமன் என்று கட்டுபவரிடம் கேளுங்கள். அதை ஓர் அட்டையில் எழுதி, கருவியின் பெயரும் ஆண்டும் குறித்து, பத்திரமாக வையுங்கள். அடுத்த முறை அதைத் திறப்பவர்க்கு அந்த மூன்று எண்கள் போதும்.